முடிச்சைப் போட்டது யார், அது எத்தனை நேரம் நிற்கும்?

சிறு கண்ணாடிக் குப்பி ஒன்று. அதில் பாலாக்ஸமர் 407 என்ற பலபடி, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு, 20 சதவீதம், மீதி 80 சதவீதம் தண்ணீர். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சாய்த்தால் எண்ணெய் மாதிரி ஓடுகிறது. உள்ளங்கைக்குள் மூடி வைத்துச் சில நிமிடம் பொறுத்துக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட விழுவதில்லை. தெளிவு கொஞ்சமும் குறையாமல் குப்பியின் அடியிலேயே தொங்கி நிற்கிறது. விரலால் சுண்டினால் உள்ளே ஓர் அதிர்வு ஓடி அடங்குவது கையில் தெரியும். மறுபடி குளிரில் வைத்தால் மறுபடி ஓடும். எத்தனை முறை வேண்டுமானாலும் இப்படி மாற்றி மாற்றிச் செய்யலாம். இதற்குள் ஒரு வேதிப் பிணைப்புகூடப் புதிதாகத் தோன்றவில்லை, ஒன்றுகூட அறுபடவில்லை.

அப்படியானால் அந்தத் திடத்தன்மை எங்கிருந்து வந்தது? வெவ்வேறு குணமுள்ள துண்டுகளைக் கோத்த சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்துவைத்து உருவாக்கும் ஜெல்களை, அதாவது பிளாக் கோபாலிமர் ஹைட்ரோஜெல்களைப் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேரும். "எவ்வளவு கெட்டி" என்பது முதலில் கேட்கத் தோன்றும் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன என்பது என் எண்ணம். சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும் முடிச்சு எதனால் ஆனது? ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவே உண்மையிலேயே ஏதாவது இழை ஓடுகிறதா? முடிச்சு எத்தனை நேரம் அவிழாமல் இருக்கும்? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் கெட்டித்தன்மை எவ்வளவு என்பதை ஏறக்குறைய நாமே சொல்லிவிடலாம்.

வழக்கமான ஹைட்ரோஜெல்லில் நீண்ட சங்கிலிகளை அங்கங்கே சகப்பிணைப்பால் தைத்திருப்பார்கள். தைத்தது தைத்ததுதான், அவிழ்க்க முடியாது. நாம் பேசுவது வேறு வகை. இதில் ஒரே சங்கிலியில் இரண்டு குணம் இருக்கும். ஒரு பகுதி தண்ணீரை விரும்பும், இன்னொரு பகுதி வெறுக்கும். இரண்டும் ஒரே முதுகெலும்பில் பிணைந்திருப்பதால் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்து தனித்தனி அடுக்காக ஒதுங்க வழியில்லை. வெறுக்கும் பகுதிகள் ஒன்றுகூடிச் சில நானோமீட்டர் அளவில் ஒளிந்துகொள்ள, விரும்பும் பகுதிகள் அதைச் சுற்றி விரிந்து நிற்கின்றன. இந்தக் கூட்டுக்கு மைசெல் என்று பெயர். யாரும் கட்டித் தரவில்லை. தண்ணீரும் வெப்பமுமே கட்டுகின்றன. தானே ஒருங்குசேர்தல் என்று சொல்வது இதைத்தான்.

ஒரு மெத்தில் தொகுதி செய்யும் வேலை

குப்பியில் இருந்த சங்கிலிக்கு மூன்று துண்டுகள். இரு ஓரங்களிலும் பாலிஎத்திலீன் ஆக்சைடு, நடுவில் பாலிபுரப்பிலீன் ஆக்சைடு. 1950களில் சந்தைக்கு வந்த குடும்பம் இது. புளூரோனிக் எஃப்-127 என்ற வணிகப் பெயரில்தான் ஆய்வகங்களில் பெரும்பாலும் பேசுவார்கள். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. 407இல் முதல் இரண்டு இலக்கத்தை நூறால் பெருக்கினால் நடுத்துண்டின் மோலார் நிறை, ஏறக்குறைய 4000. கடைசி இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் ஓரத்துண்டுகளின் பங்கு, 70 சதவீதம். முழுச் சங்கிலியின் மோலார் நிறை சுமார் 12,600.

இரண்டு வகைத் துண்டுகளுக்கும் உள்ள வேறுபாடு அலகுக்கு ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான். ஓரத்துண்டின் ஆக்சிஜன்களோடு தண்ணீர் தாராளமாகக் கைகோக்கிறது. நடுத்துண்டிலும் அதே ஆக்சிஜன் உண்டு, ஆனால் பக்கத்தில் மெத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றி வர தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் இயல்பான அலைச்சலை விட்டு ஒழுங்காக அடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. குளிரில் அந்த ஒழுங்கு கட்டுப்படியாகும். சூடு ஏறும்போது அதன் விலை கூடுகிறது. மெத்தில்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொண்டால் அந்தத் தண்ணீர் விடுதலையாகும். மைசெல் உருவாகும்போது கரைசல் வெப்பத்தை உறிஞ்சுகிறது என்பது கலோரிமானியில் தெளிவாகத் தெரியும். ஆற்றல் கணக்கில் நட்டம், என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) கணக்கில் லாபம். அதனால்தான் இந்த ஜெல் பெரும்பாலான ஜெல்களுக்கு நேர்மாறாகச் சூட்டில் இறுகிக் குளிரில் இளகுகிறது.

தயாரிக்கும் முறையும் இதை ஒட்டியதே. வெந்நீரில் தூளைக் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் ஜெல்லாகி உள்ளே உலர்ந்த கட்டி அப்படியே சிக்கிக்கொள்ளும். 4 டிகிரிக்கு அருகே குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத் தூவி, இரவு முழுக்கக் குளிரிலேயே விட்டுவிட்டால் காலையில் நுரை அடங்கித் தெளிந்திருக்கும். தீக்காயங்களுக்கான செயற்கைத் தோலாக இதைப் பரிந்துரைத்து இர்விங் ஷ்மோல்கா 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தக் குளிர் முறை பரவலாக நிலைபெற்றது.

இழையே இல்லாத திடப்பொருள்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டரில் 200 கிராம் என்றால் 0.016 மோல் சங்கிலிகள். ஒரு மைசெல்லில் ஐம்பது சங்கிலிகள் என்று வைத்துக்கொண்டால், மைசெல்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் சராசரியாக 17 நானோமீட்டர் வருகிறது. ஆனால் மைசெல்லின் குறுக்களவே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதாவது பலபடி 20 சதவீதம்தான் என்றாலும், விரிந்த ஓரத்துண்டுகளும் அவற்றுக்குள் சிக்கிய தண்ணீருமாகச் சேர்ந்து பாதிக்கு மேல் இடத்தை மைசெல்களே பிடித்துவிடுகின்றன. ஒன்றையொன்று ஈர்க்காத வெறும் கடினக் கோளங்கள்கூட 49.4 சதவீத இடத்தைப் பிடித்ததும் படிகமாகத் தொடங்கும், 54.5 சதவீதத்தில் முழுக்கப் படிகமாகிவிடும் என்பது கணினிக் கணக்கீடுகள் வழி உறுதியான செய்தி. நம் குப்பியிலும் நடப்பது அதன் உறவுக்கார நிகழ்வுதான்.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஒழுங்கை நியூட்ரான் சிதறல் காட்டிக்கொடுக்கிறது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் கெல் மோர்ட்டென்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பலபடியில், வெப்பநிலை ஏற ஏற மைசெல்கள் கனசதுரப் படிகமாக அடுக்கிக்கொள்வதைக் காட்டினார்கள். சூட்டில் உறையும் படிகம்! ஓரத்துண்டு மிக நீளமாக இருந்தால் பொருள் மைய கனசதுர அடுக்கும் (கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் மைசெல்), எஃப்-127இல் பெரும்பாலும் முகப்பு மைய கனசதுர அடுக்கும் (மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் மைசெல்) கிடைக்கின்றன. வெப்பநிலையை மேலும் மேலும் உயர்த்தினால் ஓரத்துண்டுகளும் தண்ணீரை இழந்து சுருங்க, இடநெருக்கடி தளர்ந்து ஜெல் மறுபடி இளகிவிடும்.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஓரத்துண்டுகள் இரண்டும் தண்ணீரை விரும்புபவை. ஆகவே ஒரு சங்கிலியின் நடுப்பகுதி ஒரு மைசெல்லுக்குள் மடங்கிக் கிடக்க, அதன் இரு கைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கைகள் பக்கத்து மைசெல்லுக்குள் நுழைவதில்லை. ஒரு முடிச்சையும் இன்னொரு முடிச்சையும் இணைக்கும் இழை இந்த ஜெல்லில் ஒன்றுகூட இல்லை. பாடநூல் வரையறைப்படி ஜெல் என்றால் வலை. இதில் வலையே இல்லை! நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் யாரும் யாருடைய கையையும் பிடிக்காமலே ஒருவரும் நகர முடியாமல் போவதைப் போன்ற திடத்தன்மை இது.

அதன் வலிமையும் இதற்கு ஏற்பவே அமைகிறது. ரப்பரின் கோட்பாடு எளிமையானது. பாரம் தாங்கும் இழைகளின் மோலார் செறிவை வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் பெருக்கினால் விறைப்புக் குணகம் கிடைக்கும். எல்லாச் சங்கிலிகளும் பாரம் தாங்குபவை என்று வைத்தால் உடல் வெப்பநிலையில் 41 கிலோபாஸ்கல். சங்கிலிகளை விட்டுவிட்டு மைசெல் ஒவ்வொன்றையும் ஓர் அலகாக எண்ணினால் 1 கிலோபாஸ்கலுக்கும் குறைவு. அளந்தால் கிடைப்பது 10 கிலோபாஸ்கல் அளவில், இரண்டுக்கும் நடுவே. மைசெல்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இல்லை, அவற்றின் தூரிகை போன்ற வெளிப்புறங்கள் அழுந்தி நிற்கின்றன என்பதை இந்த நடு எண்ணே சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு அளவீட்டிலிருந்து நானோமீட்டர் உலகத்தின் இருக்கை ஏற்பாட்டை ஊகிக்க முடிவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இழை இல்லாததால் வரும் நன்மையும் தீமையும் உடனே புரியும். சில நூறு பாஸ்கல் தகைவு கொடுத்தால் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஜெல் ஓடத் தொடங்குகிறது. விட்டதும் பழையபடி இறுகுகிறது. ஊசி முனை வழியே தள்ளலாம், வெளியே வந்ததும் கோடு போட்டது போல நிற்கும். முப்பரிமாண அச்சுக்கு இதைவிட ஒத்துப்போகும் மை கிடைப்பது அரிது. ஜெனிஃபர் லூயிஸின் குழு 2011இல் எஃப்-127ஐ மையாக வைத்து, ஒரு தாங்குபொருளுக்குள் ரத்தக்குழாய் போன்ற கிளை வடிவங்களை வரைந்தது. சுற்றியிருப்பதை இறுகவிட்டு, குளிர்வித்து, மையை உறிஞ்சி எடுத்துவிட்டால் வெறும் கால்வாய்கள் மிஞ்சும். கரைந்துபோகும் பலவீனத்தையே கருவியாக மாற்றிய வேலை அது.

தீமை, தண்ணீர் சேர்ந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்பது. உடலுக்குள் வைத்தால் சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஓரிரு நாள். ஆனால் சில மணி நேரமே போதும் என்ற இடமும் உண்டு. சிறுநீரகத்தின் உட்பகுதியில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு மைட்டோமைசின் மருந்தைக் கரைசலாகச் செலுத்தினால் சிறுநீரோடு சேர்ந்து விரைவில் வெளியேறிவிடும். பாலாக்ஸமர் 407 உள்ள ஜெல்லில் கலந்து குளிர்ந்த நிலையில் செலுத்தினால், உள்ளே இறுகி, நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மெல்லக் கரைந்து போகும். ஜெல்மைட்டோ என்ற பெயரில் இதற்கு அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தது.

ஓரத்தையும் நடுவையும் இடம் மாற்றினால்

அதே துண்டுகள்தான், வரிசையை மட்டும் திருப்பிப் போடுங்கள். நடுவில் தண்ணீரை விரும்பும் நீண்ட துண்டு, இரு முனைகளிலும் வெறுக்கும் துண்டுகள். இப்போது கதை முழுக்க மாறுகிறது. இரு முனைகளும் ஒரே மைசெல்லுக்குள் புகுந்தால் நடுப்பகுதி பூவிதழ் போல வளைந்து திரும்பும். அது வளையம். ஒரு முனை இங்கேயும் மறு முனை அடுத்த மைசெல்லிலும் புகுந்தால் அது பாலம். பாலம்தான் பாரம் தாங்கும். வளையம் வெறுமனே இடத்தை அடைக்கும். செறிவு குறைவாக இருக்கும்போது பெரும்பாலும் வளையங்களே. மைசெல்கள் நெருங்க நெருங்கப் பாலங்கள் கூடுகின்றன. இதனால் நெருக்கியடிக்காமலே, மிகக் குறைந்த செறிவிலேயே வலை பின்னிவிடலாம்.

நீர் கலந்த வண்ணப்பூச்சுகளைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பலபடிகளில் ஒரு முக்கிய வகை இப்படிப்பட்டது. நடுவில் பாலிஎத்திலீன் ஆக்சைடு, முனைகளில் பன்னிரண்டு பதினாறு கார்பன் கொண்ட கொழுப்புச் சங்கிலிகள். 1990களின் தொடக்கத்தில் இவற்றை அளந்தவர்களுக்கு ஓர் அழகான எளிமை கிடைத்தது. இவ்வளவு சிக்கலான வலை, ஒரே ஒரு தளர்வு நேரம் கொண்ட பொருளாக நடந்துகொண்டது. அந்த நேரம் ஒரு முனை மைசெல்லிலிருந்து நழுவி வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரமே. அதைவிட வேகமாக அசைத்தால் ரப்பர், மெதுவாக அசைத்தால் திரவம். கொழுப்பு முனையை ஒவ்வொரு கார்பனாக நீட்ட நீட்ட இந்த நேரம் அடுக்குக்குறி விகிதத்தில் எகிறுகிறது. பாலங்களின் எண்ணிக்கை கெட்டித்தன்மையைத் தீர்மானிக்கிறது, முடிச்சின் ஆயுள் பாகுநிலையைத் தீர்மானிக்கிறது. இவை இரண்டையும் தனித்தனியாகத் திருகி வைக்கலாம் என்பதுதான் இந்தக் குடும்பத்தின் பெரிய கொடை.

முனைகளை லாக்டிக், கிளைக்காலிக் அமிலங்களின் பலபடியாக மாற்றினால் வலை உடலில் மெல்ல நீராற்பகுப்பு ஆகிக் கரையும். சுங் வான் கிம் குழு 1997இல் லாக்டிக் அமிலப் பலபடியைப் பாலிஎத்திலீன் ஆக்சைடோடு இணைத்து, ஊசியால் செலுத்தத்தக்க, உடலில் சிதையும் மருந்து ஜெல்லை நேச்சர் இதழில் வெளியிட்டது. அதன் பிறகு இந்தத் துறை விரைவாக வளர்ந்தது.

கண்ணாடி முடிச்சு

முடிச்சு அவிழவே கூடாது என்றால்? முனைகளைப் பாலிஸ்டைரீனாக்கலாம். அது 100 டிகிரிக்குக் கீழே கண்ணாடி. அறை வெப்பநிலையில் மைசெல்லின் உட்பகுதி உறைந்த மணியாகிவிடும், உள்ளே சிக்கிய முனை வெளியே வர வழியில்லை. வேதிப் பிணைப்பு இல்லாமலே வேதிப் பிணைப்பின் உறுதி.

ஆனால் இதே காரணத்தால் அதைத் தண்ணீரில் போட்டுக் கரைக்கவும் முடியாது. டிராவிஸ் பெய்லியின் குழு இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் தண்ணீரே இல்லாமல் உருகிய நிலையில் பாலிஸ்டைரீன் கோளங்களை ஒழுங்காக அடுக்கவிடுகிறார்கள். குளிர்வித்துக் கோளங்களை உறையவைக்கிறார்கள். அதன் பிறகு தண்ணீரில் இறக்கினால், பாலிஎத்திலீன் ஆக்சைடு மட்டும் நீரை உறிஞ்சி உப்புகிறது. சங்கிலிகளில் பெரும்பகுதி, ஒரு முனையில் மட்டும் பாலிஸ்டைரீன் உள்ள இருதுண்டுச் சங்கிலி. அவற்றுக்குப் பாலமாகும் வாய்ப்பே இல்லை. அவற்றோடு, இரு முனைகளிலும் பாலிஸ்டைரீன் உள்ள மூன்றுதுண்டுச் சங்கிலியைக் கொஞ்சம் கலக்கிறார்கள். எவ்வளவு கலக்கிறோமோ அதைப் பொறுத்து உப்பும் அளவும் விறைப்பும் மாறும். நங்கூரக் கயிறுகளை எண்ணிப் போடுவது போல, பாலங்களின் அளவைத் தயாரிக்கும்போதே நிர்ணயித்துவிடலாம்.

உறுதியான முடிச்சுக்கும் ஒரு விலை உண்டு. இழுக்கும்போது முனை நழுவாது என்றால் இழை அறுந்தாக வேண்டும். இழை அறுந்தால் பக்கத்து இழைக்குப் பாரம் கூடும், விரிசல் ஓடிவிடும். முனை கொஞ்சம் நழுவித் தந்தால் அந்த நழுவலே ஆற்றலை விழுங்கும், விரிசலின் முனை மழுங்கும். ஆனால் அந்த ஜெல்லை நெடுநேரம் பாரத்தில் வைத்தால் மெல்ல மெல்ல நீண்டு உருமாறிப்போகும். விறைப்பும் முறிவெதிர்ப்பும் இரு வேறு குணங்கள். ஒரு ஜெல் விறைப்பாக இருக்கிறது என்பதற்காக அது சுலபத்தில் கிழியாது என்று சொல்லிவிட முடியாது. விறைப்பு எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு "வலுவான ஜெல்" என்று எழுதும் கட்டுரைகள் வாசகருக்கு அநியாயம் செய்கின்றன என்றே சொல்வேன்.

கோளத்தை விட்டு வெளியே

மைசெல் கோளமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெறுக்கும் பகுதி பெருத்தால் புழு வடிவம், இன்னும் பெருத்தால் தாள் வடிவம். ஷெஃபீல்டில் ஸ்டீவன் ஆர்ம்ஸின் குழு செய்த புழு ஜெல்களில், சில பத்து நானோமீட்டர் தடிமனில் நீண்ட புழுக்கள் ஒன்றோடொன்று உரசி நின்று மென்மையான ஜெல்லாகின்றன. குளிர்வித்தால் புழு உடைந்து கோளமாகி ஓடும். அந்த நிலையில் நுண்வடிகட்டியில் செலுத்திக் கிருமி நீக்கிவிட்டு, சூடேற்றி மறுபடி ஜெல்லாக்கலாம். 2012இல் வெளிவந்த செய்தி இது. சில ஆண்டுகளில் மனிதக் குருத்தணுக்களைப் பல நாட்கள் வளராமல், சாகாமல் உறங்கவைக்கவும் இந்த ஜெல் பயன்பட்டது.

புரதம் போன்ற சங்கிலிகளில் இன்னும் சிக்கனம். டிமத்தி டெமிங்கும் டேரின் போச்சனும் சேர்ந்து 2002இல் லைசின், லூசின் தொகுதிகளால் செய்த இருதுண்டுச் சங்கிலி, 1 சதவீதத்துக்கும் குறைந்த செறிவிலேயே ஜெல்லானது. எஃப்-127க்கு 20 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் இது! லூசின் பகுதி விறைத்த சுருளாக இருப்பதால் உருண்டையாகக் கூடாமல் பக்கவாட்டில் அடுக்கி நீண்ட நார்களாகிறது. அதே எடைப் பொருளை உருண்டையாக்கினால் குப்பியின் ஒரு மூலைக்குப் போதாது, நாராக்கினால் முழுக் குப்பியையும் குறுக்கும் நெடுக்கும் கட்டிவிடலாம். 90 டிகிரிச் சூட்டிலும் இளகவில்லை. கலக்கி உடைத்தாலும் விரைவில் மீண்டது.

குப்பியைக் கவிழ்ப்பது எதைச் சொல்லும்

தொடக்கத்தில் பார்த்த குப்பிச் சோதனைக்கே திரும்புவோம். ஆய்வகங்களில் ஜெல்லா கரைசலா என்று தீர்ப்புச் சொல்ல இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குப்பியில் தொங்கும் ஜெல்லின் எடை சுவரின் மேல் தரும் தகைவு சுமார் 25 பாஸ்கல். அதைத் தாங்கும் எதுவும் விழாது. நெருக்கத்தில் நிற்கும் மைசெல்லும் விழாது, பாலம் கட்டிய வலையும் விழாது, கண்ணாடி முடிச்சும் விழாது. மிக மெதுவாக ஓடும் திரவமும் நாம் பார்க்கும் அரை நிமிடத்துக்குள் விழாமல் ஏமாற்றும். பொருள் எப்படி ஓடுகிறது, வளைகிறது என்று அளக்கும் ரியோமீட்டரில் வைத்துப் பல வேகங்களில் அசைத்துப் பார்த்தால்தான் முடிச்சின் ஆயுள் வெளிப்படும். ஒரே வேகத்தில் எடுத்த ஒற்றை அளவீடும் கவிழ்த்த குப்பியைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடாது.

ரியோமீட்டருக்கும் எட்டாத ஒன்று உண்டு. ஒரு ஜெல்லில் எத்தனை சங்கிலி பாலம், எத்தனை சங்கிலி வளையம் என்பதை நேரடியாக எப்படி எண்ணுவது? நியூட்ரானுக்கும் எக்ஸ் கதிருக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும், மைசெல்லின் வடிவம் மாறுவதில்லை. தண்ணீர் இல்லாத ரப்பர் வகைப் பலபடி ஒன்றில் ஹிரோஷி வட்டனபே 1995இல் ஒரு வழி கண்டார். நடுத்துண்டான ஐசோபிரீன் சங்கிலியில் நீளவாக்கில் சிறு மின் இருமுனைகள் வரிசையாக உண்டு. அந்த வரிசையின் திசையைச் சங்கிலியின் பாதியில் திருப்பிவிட்டு, மின்புலத்தில் நடுப்பகுதி எப்படி அசைகிறது என்று பார்த்து, ஏறக்குறைய 60 சதவீதம் வளையம் என்று கணக்கிட்டார். ஹைட்ரோஜெல்களின் நடுத்துண்டாக நாம் அதிகம் நம்பியிருக்கும் பாலிஎத்திலீன் ஆக்சைடில் அப்படி நீளவாக்கில் கூடும் இருமுனை கிடையாது. போதாததற்குச் சுற்றியுள்ள தண்ணீரின் மின் எதிர்வினை மற்றதையெல்லாம் மூழ்கடிக்கும். அதனால் ஜெல்லில் இன்னும் விறைப்பை அளந்து, ரப்பர் கோட்பாட்டைப் பின்னோக்கிப் போட்டு, பாலங்கள் இத்தனை இருக்க வேண்டும் என்று மறைமுகமாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.